தீபத்துக்கு இழுத்த கேபிள்

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டு மாடிக்கு மவுசு வந்துவிடும். மற்ற பதினோரு மாதமும் அது துணி காயப்போடுகிற, உடைந்த நாற்காலிகளைக் கொண்டுபோய் ஒளித்து வைக்கிற இடம். கார்த்திகையில் மட்டும் ஊர்ப்பட்ட உறவுக்காரர்களுக்கு எங்கள் மேல் பாசம் பொங்கும். "எப்படிம்மா இருக்க? பாத்து எவ்ளோ நாளாச்சு!" என்று போனில் ஆரம்பிப்பார்கள். நலம் விசாரிப்பு மூன்று நிமிஷம் தாக்குப்பிடிக்கும். நாலாவது நிமிஷம் விஷயம் வெளியே வரும். "மாடியிலேர்ந்து மலை நல்லா தெரியுமில்ல? தீபத்துக்கு நாங்க ஒரு எட்டு பேர் வரலாம்னு இருக்கோம்."

அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் இந்த மனையை வாங்கும்போது என் கணவர் வாஸ்து பார்த்தார், மாமனார் தண்ணீர் பார்த்தார். மலை தெரிகிறதா என்று பார்த்தது நான் ஒருத்திதான். அப்போது என்னைக் கேலி செய்தவர்கள்தான் இப்போது முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் நான் ஆசையோடு எதிர்பார்க்கிற ஒரே ஆள் என் அக்கா. கீழ்பென்னாத்தூரில் மகனோடு இருக்கிறாள். தீபத்துக்கு முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுவாள். மறுநாள் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியதும் கண்ணில் நீர் வழியக் கும்பிடுவாள். அதற்கப்புறம்தான் சாப்பாடு. கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்த விரதம், நாற்பது வருஷமாய் ஒரு தடவையும் தவறியதில்லை.

போன வருஷம் ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் கம்பி வைத்தார்கள். படி ஏறக்கூடாது, வண்டியில் குலுங்கக்கூடாது என்றார் டாக்டர். அவள் வீட்டு வாசலிலிருந்தே ஒரு காலத்தில் தீபம் சின்னப் புள்ளியாகத் தெரியும். இப்போது குறுக்கே ஒரு கல்யாண மண்டபம் வந்து, மலை இருந்த இடத்தில் 'நல்வரவு' என்று எழுதி வைத்திருக்கிறது. டிவியில் பார்க்கச் சொன்னோம். "டிவில ஒருத்தன் நடுவுல பேசினே இருக்கான்டி. அது அவனுங்க தீபம். நம்ம மாடியிலேர்ந்து தெரியறதுதான் நம்ம தீபம்" என்று சொல்லிவிட்டாள். சர்க்கரை வியாதி வேறு. மாத்திரை, சாப்பாடு, இரண்டும் நேரத்துக்குப் போகவேண்டிய உடம்பு. ஆனால் தீபத்தைக் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள்.

'நான் காட்டுகிறேன்' என்று வாயைக் கொடுத்தேன். அங்கே ஆரம்பித்தது வினை.

போனிலேயே காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வெளியூர்க்காரராக இருந்தால் கேட்பீர்கள். தீபத்தன்று சாயங்காலம் இந்த ஊருக்குள் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்களோ அத்தனை லட்சம் பேரும் ஒரே நேரத்தில் போனை மலைக்கு நேராகத் தூக்குவார்கள். சிக்னல் கட்டங்கள் எல்லாம் நிறைந்து தெரியும். ஒரு 'ஹலோ' கூடப் போகாது. வீட்டுக்கு வரும் கம்பி இணைப்பு மட்டும்தான் அன்று உயிரோடு இருக்கும்.

என் மகள் கல்லூரியில் படிக்கும்போது புராஜெக்ட்டுக்கு என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கினாள். கம்ப்யூட்டர் என்றால் திரை, விசைப்பலகை எதுவும் கிடையாது. சீட்டுக்கட்டு அகலத்தில் ஒரே ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். மார்க் வந்ததும் அதை அலமாரியில் போட்டுவிட்டு வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கோப்புகளைக் கண்காணித்துக் கண்காணித்து வெறுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். நான் சொன்னதை அது உடனே செய்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்கு அப்படி ஒரு அனுபவம் கிடைத்ததே இல்லை. அன்றிலிருந்து அதை விடவில்லை.

போன வருஷம் அந்தப் பலகையில் ஒரு கேமராவை மாட்டி, மாடியில் தண்ணீர்த் தொட்டியடியில் வைத்து, பக்கத்து பிளக்கில் சார்ஜரைச் செருகினேன். ஐந்தே முக்கால்வரை அருமையாக ஓடியது. ஐந்து ஐம்பதுக்கு, என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி மனைவி, போனில் சார்ஜ் இல்லை என்று அந்தச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள். "சும்மாதான இருந்துச்சு அது?" என்றாள் அப்புறம். நான் அலறியடித்துத் திரும்பச் செருகினேன். அந்தப் பலகைக்கு மூளை, நினைவு எல்லாமே ஒரு மெமரி கார்டுதான். நாள் முழுக்கப் படம் எழுதி எழுதி ஏற்கெனவே தேய்ந்திருந்த கார்டு, திடீரென்று கரண்ட் போனதும் ஒரேயடியாய்ப் படுத்துவிட்டது. எழவே இல்லை.

கீழ்பென்னாத்தூரில் அக்கா கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். 'இப்ப வரும், இப்ப வரும்' என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். எட்டு மணிக்கு மயங்கிச் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அக்கா மகன் கத்துகிறவன் இல்லை. "உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாமே சித்தி" என்று மட்டும் சொன்னான். கத்தியிருந்தால் தேவலை. அதற்கப்புறம் ஆறு மாதம் நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆபீசில் ஆடிட் என்றேன், கால்வலி என்றேன். அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

இந்த வருஷம் ஆவணியில் அவளே கூப்பிட்டாள். "இந்த வருசம் காட்டுவியாடி?" என்றாள். காட்டுகிறேன் என்றேன். விரதம் இருக்காதே என்று கெஞ்சியும் பார்த்தேன். "அதெல்லாம் நான் இருந்துக்குவேன். நீ காட்டு" என்று வைத்துவிட்டாள். ஆக, அவள் சாப்பாடும் மாத்திரையும் மறுபடியும் என் பச்சைப் பலகையில் வந்து நின்றன.

இந்தத் தடவை இரண்டு விஷயத்தில் உறுதியாக இருந்தேன். ஒன்று, மெமரி கார்டை நம்பக்கூடாது. எஸ்எஸ்டி மாட்டவேண்டும். அது ஒரு சூயிங்கம் பட்டை நீளத்தில் இருக்கும். வேகம் ஜாஸ்தி, எழுதி எழுதித் தேயவும் இன்னும் வருஷங்கள் ஆகும். இரண்டு, மாடியில் பிளக்கே இருக்கக்கூடாது. இணையம் போகிற அதே நெட்வொர்க் கேபிள் வழியாகக் கரண்டும் போகவேண்டும். கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி கேபிளுக்குள் கரண்டை ஏற்றும். மேலே பலகையின் தலையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு சின்னத் தட்டு அதை இறக்கிக் கொடுக்கும். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ். ஊரே இருண்டாலும் என் பலகை இருளாது. உறவுக்காரர்கள் மாடியில் என்னத்தைப் பிடுங்குவார்கள், பார்க்கிறேன் என்று சவால் விட்டுக்கொண்டேன்.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, "எதுக்கு மேடம் இவ்ளோ கஷ்டம்? ஒரு சிசிடிவி வாங்கி மாட்டிடலாமே" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நியாயமான கேள்வி. பதில் தெரியாத நியாயமான கேள்விகளுக்கு அலுவலகத்தில் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். 'பரிசீலிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எஸ்எஸ்டியும் தட்டும் தபாலில் வந்தன. கேபிள் வாங்க மட்டும் டவுனுக்குக் கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த தப்பு. கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.

"என்ன சார் வேணும்?"

என் கணவருக்குக் கேபிள் என்றால் டிவிக்கு வருவது. அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "நெட்வொர்க் கேபிள், முப்பது மீட்டர். உள்ள சுத்தமான செம்பா இருக்கணும். கரண்ட் போகப்போகுது."

"இது ப்யூர் காப்பர் சார்" என்றார் அவர், என் கணவரிடம்.

"கேரண்டியாங்க?" என்றேன்.

"கண்ண மூடினு வாங்கினு போங்க சார்."

என் கணவர் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபின்தான் கேட்டார், "ஏம்மா, தண்ணில நனைஞ்சா ஷாக் அடிக்குமா?"

எஸ்எஸ்டியை மாட்ட ஒரே ஒரு திருகாணி. மிளகில் பாதி இருக்கும். அது கையிலிருந்து நழுவி எங்கோ போனது. கணவரும் நானும் போன் வெளிச்சத்தில் ஹால் முழுக்கத் தவழ்ந்தோம். வாசலில் பால் போட வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "மூக்குத்தியாங்கம்மா?" என்று பரிதாபமாகக் கேட்டார். அதைவிடப் பெரிசு என்று சொல்லி அனுப்பினேன். கடைசியில் அது கணவரின் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் பூட்டி முடித்தேன். பழைய கார்டில் அந்தப் பலகை கண்விழிப்பதற்குள் குக்கரில் ஒரு விசில் வந்துவிடும். புது எஸ்எஸ்டியில் அடுப்பைப் பற்றவைக்கும் நேரம்கூட ஆகவில்லை. கைதட்டினேன். என் கைதட்டல் அடங்குவதற்குள் பலகை அணைந்துவிட்டது.

தானாக எழுந்தது. கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடி அணைந்தது. இப்படியே இரண்டு நாள். எப்போதெல்லாம் எஸ்எஸ்டியில் படத்தை மும்முரமாக எழுத ஆரம்பிக்கிறதோ அப்போதெல்லாம் படுத்துக்கொண்டது. என் கணவருக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. "கண்ணுதான். எதிர்வீட்டுக்காரம்மா நேத்து மாடியவே பாத்துனு இருந்தாங்க" என்று சொல்லி, தண்ணீர்த் தொட்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டார். அவர் கட்டியபோது பலகை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அடுத்த இருபது நிமிஷத்துக்கு அவருக்கு வாயெல்லாம் பல்.

நான் பிளேடை எடுத்துக் கேபிளின் நுனியைச் சீவி, உள்ளே இருந்த கம்பியைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். சுரண்டச் சுரண்ட வெள்ளை வெளேரென்று அலுமினியம். செம்பு வெறும் பூச்சு. முப்பது மீட்டர் அந்த மட்டமான கம்பிக்குள் போய் மேலே சேருவதற்குள் கரண்டில் பாதி சோர்ந்துவிடுகிறது. கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்தத் தடவையும் கணவர் வந்தார், ஆனால் நான் கேட்டுக்கொண்டபடி வண்டியிலேயே இருந்தார். பேச ஆள் இல்லாமல் போகவே கடைக்காரர் வேறு வழியின்றி என்னைப் பார்த்தார். சுரண்டிய நுனியைக் காட்டினேன். ஒரு நிமிஷம் உற்றுப்பார்த்தார். உள்ளே போய் வேறு சுருள் எடுத்து வந்து கொடுத்தார். அதையும் அங்கேயே சுரண்டினேன். உள்வரை செம்பு. நாங்கள் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்து என் கணவரிடம் சொன்னார், "சார், மேடம் ரொம்ப உள்ள போய் பாக்கறாங்க சார்."

புதுக் கேபிளில் பலகை ஒரு முறைகூட அணையவில்லை. எலுமிச்சம்பழம் வேலை செய்ததாகத் தெருவில் பேச்சு.

அப்போதிலிருந்து இரண்டு மாதம் அக்காவின் டேப்லட்டில் எங்கள் மாடி இரவு பகலாய் ஓடியது. மலையைப் பார்க்கட்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அக்கா மலையையும் பார்த்தாள். மலைக்கு முன்னால் எங்கள் மாடி முழுசாக இருந்ததே, அதையும் பார்த்தாள். காலை ஆறு மணிக்கு போன் வரும்.

"தொட்டி வழியுதுடி. மோட்டார நிறுத்து."

ஒன்பது மணிக்கு, நான் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது, "மலைமேல கருப்பா வருது. துணி எடுக்கச் சொல்லு."

ஒரு நாள் மத்தியானம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "உன் வீட்டுக்காரரு சிகரெட்ட விட்டுட்டாருன்னு சொன்ன?"

"விட்டுட்டாருக்கா. நாலு வருஷம் ஆச்சு."

"சரி. தொட்டிக்குப் பின்னாடி போய் பாரு."

அன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் இந்தக் கதை வேறு பக்கம் போய்விடும். கணவர் அந்தக் கேமராவை 'உங்கக்கா' என்றே குறிப்பிட ஆரம்பித்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். "மழை பெய்யுது, உங்கக்கா நனையறாங்க" என்பார். கேமராவுக்குப் பிளாஸ்டிக் டப்பா போட்டு மூடியிருந்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

இனி அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு நலச்சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்தப் பதவிக்கு வேலை கிடையாது. தீபத்தன்று மட்டும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்பே எல்லா வீட்டிலும் மின்விளக்கை அணைத்துவிடவேண்டும். தெருவிளக்கையும் அணைத்துவிடுவார்கள். முதல் வெளிச்சம் மலையில்தான் தெரியவேண்டும், அதைப் பார்த்தபின்தான் வாசலில் அகல் ஏற்றுவோம். செயலாளர் விசிலை ஊதிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போவார். எந்த ஜன்னலிலாவது துளி வெளிச்சம் தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்கிவிடுவார். போன வருஷம் ஒரு வீட்டில் பிரிட்ஜைத் திறந்தவர்களைக்கூட விடவில்லை.

தீபத்தன்று மத்தியானமே உறவு வந்து இறங்கிவிட்டது. எட்டுப் பேர் என்றவர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தொட்டியடியில் இருந்த டப்பாவைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "நீங்க பண்ணதா? பெரிய ஆளுதான் நீங்க" என்று கணவரிடம் சொன்னார்கள். அவர் கடையில் ஆட்டியது போலவே தலையாட்டினார். போன வருஷம் சார்ஜரைப் பிடுங்கியவள் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்கு பிளக்கே இல்லையே, எப்படி ஓடுது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே நான் மூன்று மாதம் காத்திருந்தேன். அவளுக்கு விளக்கியதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

ஐந்து மணிக்கு அக்கா டேப்லட்டில் முகம் காட்டினாள். நெற்றியில் விபூதி, புதுப்புடவை. "எல்லாரும் தெரியறாங்கடி. அந்த உயரமா நிக்கறவன கொஞ்சம் நவுரச் சொல்லு" என்றாள். உடம்பு எப்படி இருக்கிறது, மயக்கம் வருகிறதா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல. நீ மலையப் பாரு" என்றாள்.

ஐந்து ஐம்பத்தெட்டு. தெருவில் விசில் சத்தம். ஒவ்வொரு வீடாக இருண்டது. எங்கள் வீட்டு விளக்குகளும் போயின. மாடியில் பேச்சு நின்றது. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. திடீரென்று உச்சியில் ஒரு பொறி, அது நின்று, விரிந்து, சுடராக எழுந்தது. ஊர் முழுக்க ஒரே குரலாய் 'அரோகரா' என்று எழும்பியது. வருஷா வருஷம் போல நானும் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கி, அக்கா முகத்தைப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன்.

'இணைப்பு இல்லை' என்றது திரை.

டப்பாவைப் பார்த்தேன். பலகையின் சின்ன விளக்கு எரியவில்லை. கேபிளை இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. பதினான்கு பேர் கால்களை மிதித்துக்கொண்டு இருட்டில் படியிறங்கினேன். மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், என் கணவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றிருந்தார்.

"என்ன பண்ணீங்க இங்க?"

"மெயின நிறுத்தினேன். அப்பவும் இதுல பச்சை பச்சையா நாலு லைட்டு மின்னினே இருந்துச்சு. தெருவுல இருந்து பாத்தா தெரியுது. செக்ரட்டரி வீட்டுலயே லைட் எரிஞ்சா நாளைக்கு என்ன பேசுவாங்க?"

"அது யூபிஎஸ்ங்க!"

"அதான் கத்தினே இருந்துச்சா! பட்டன அமுக்கிப் பிடிச்சேன். கொஞ்ச நேரம் அடம் பண்ணுச்சு. அப்புறம் அடங்கிடுச்சு."

பிளக்கே இல்லாத ஒரு இயந்திரத்தை, பதினான்கு உறவுக்காரர்களின் கைக்கு எட்டாத ஒரு இயந்திரத்தை, பக்தியோடு அணைத்துவிட்டு நிற்கிறார் என் வீட்டுக்காரர். அன்று அந்தப் புனித நேரத்தில் நான் அவரைச் சொன்ன வார்த்தைகளை மலையில் இருப்பவர் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். யூபிஎஸ்ஸை அமுக்கினேன். மாடியில் என் பலகை, புது எஸ்எஸ்டியின் தயவில், அவர் 'நான் என்ன வேணும்னா பண்ணேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டது. எழுந்து என்ன பயன்? ரவுட்டர் எழவேண்டுமே. அது அரசாங்க வேகத்தில் ஒவ்வொரு விளக்காக யோசித்து யோசித்து ஏற்றியது. இருட்டில் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே தெரு முழுக்க அகல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கறுப்புத் திரையும், அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற அக்காவும், குளுக்கோஸ் பாட்டிலும்தான் கண்ணில் நின்றன. ஆறு மணி ஏழு நிமிஷத்துக்கு இணைப்பு வந்தது.

அக்கா கும்பிட்டபடி இருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"தெரியுதாக்கா?"

"தெரியுதுடி. நல்லா தெரியுது. அழகா எரியுது" என்றாள். "நீ போய் சாப்பிடு."

நீ சாப்பிடு என்று நான் சொன்னேன். சரி என்றாள். மாடிக்குப் போனேன். எல்லோரும் என் கணவரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். குலுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அன்று எதுவும் கசக்கவில்லை.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு, கூட்டத்தில் நசுங்கி ஒரு பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். வெற்றி பெற்றவளாகத்தான் போனேன். அக்கா மகன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏழு நிமிஷம் எப்படித் துடித்துப்போனேன் என்று அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன். யூபிஎஸ், ரவுட்டர் எல்லாம் சொன்னேன்.

"எதுக்கு சித்தி அவ்ளோ டென்ஷன்?" என்றான். "அம்மாதான் நாலரைக்கே இட்லி சாப்ட்டு மாத்திரயும் போட்டுட்டாங்களே." சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது ரத்தம் தலைக்கு ஏறியது. நேராக உள்ளே போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தீபம் பாக்கறதுக்கு முன்னாடியே சாப்ட்டியா?"

மகன் வாயைத் திறந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உரிப்பதை நிறுத்தவில்லை. "ஆமா."

"நாப்பது வருஷ வெரதம்க்கா! என் மிஷின் மேல உனக்கு அவ்ளோதான் நம்பிக்கையா?"

"மிஷின் மேல நம்பிக்கை இருக்குடி. உன் வீட்டுக்காரர் மேலதான் இல்ல. ரெண்டு மாசமா அந்த மாடியப் பாத்துனு இருக்கேன் இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்தவளுக்குச் சிரிப்பு வந்தால் எப்படி இருக்கும், அப்படி நின்றேன். நான் சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"போன வருசம் ஆஸ்பத்திரில நான் ஒரு நாள்தான்டி இருந்தேன்" என்றாள். "நீ ஆறு மாசம் வரல."

நான் கீழே சிதறிக்கிடந்த கடலைத்தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"இந்த வருசமும் படம் வராம போச்சுன்னு வை. எனக்கு மயக்கம் வந்ததுன்னு வை. நீ அதோட வரவே மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன? அதான் சாப்ட்டேன். வந்தா வந்துச்சு, வரலன்னாலும் நான் நல்லா இருக்கேன்னு உங்கிட்ட சொல்லலாம் இல்ல? அண்ணாமலையாரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. நீதான் கோச்சினு எங்கயாவது போய் ஒளிஞ்சிக்குவ."

மூன்று மாதம் நான் கம்பி சுரண்டியதும், திருகாணி தேடித் தவழ்ந்ததும், கணவரைத் திட்டியதும் எல்லாமே இவள் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்பதற்காக. இவள் சாப்பிட்டுவிட்டாள். அதற்கு என் கேபிளும் காரணமில்லை, எஸ்எஸ்டியும் காரணமில்லை. நான் திரும்ப வரவேண்டும் என்பதற்காகச் சாப்பிட்டிருக்கிறாள். அந்த ஆறு மாதத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. அக்காவின் மேல் பொத்துக்கொண்டு வந்த பிரியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அக்கா மடியிலிருந்த கடலைத்தோலைத் தட்டினாள்.

"அழுவாத. காலையில ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்ட. கைய கழுவினு வா, தோசை ஊத்தச் சொல்றேன்."